விந்தில் ரத்தம் வந்தால் யாரிடம் போவது?

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு 34 வயது. கோத்தகிரி பக்கம் ஊர். தோட்டங்களில் பச்சைத் தேயிலை ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். கல்யாணமாகி ஆறு வருஷம், ஒரு பெண் குழந்தை. மூன்று வாரத்துக்கு முன்பு மனைவியோடு இருந்தபோது விந்து சிவப்பாக வந்தது. வலி எதுவும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை துரு நிறத்தில் வந்தது. மனைவி பார்த்துப் பயந்துவிட்டாள். சின்ன வயதில் இருந்த கைப்பழக்கத்தின் பலன் இது, விந்து தீர்ந்துபோய் ரத்தம் வர ஆரம்பித்துவிட்டது என்கிறார் கூட வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர். இன்னொருவர் உடம்புச் சூடு என்கிறார். மேட்டுப்பாளையத்தில் மாதம் ஒருமுறை லாட்ஜுக்கு வரும் வைத்தியரிடம் லேகியம் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் சாப்பிடவில்லை. என் அப்பாவுக்கு 68 வயதில் புராஸ்டேட் ஆபரேஷன் ஆனது. எனக்கும் புற்றுநோயாக இருக்குமோ? இரண்டாவது குழந்தைக்கு முயற்சி செய்கிறோம், அதை நிறுத்த வேண்டுமா? ஊர் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் என்னைத் தெரியும், போக வெட்கமாக இருக்கிறது. அடிக்கடி தலைவலி வரும், முதுகுவலிக்கு மாத்திரை போடுவேன். மற்றபடி எந்த நோயும் இல்லை.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதல் வேலையாக, வாங்கி வைத்திருக்கும் அந்த லேகியத்தைத் தொடாதீர்கள். அடுத்து, இந்த வாரத்துக்குள் ஒரு டாக்டரைப் பாருங்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். 40 வயதுக்குக் கீழே இருக்கும் ஆணுக்கு, வேறு தொந்தரவு எதுவும் இல்லாமல், ஓரிரு முறை விந்தில் ரத்தம் வந்தால் அது புற்றுநோயாக இருப்பது மிக அரிது. பெரும்பாலானவர்களுக்கு இன்ன காரணம் என்று பிடிபடாமலேயே சில வாரங்களில் தானாக நின்றுவிடும்.

அப்படியானால் டாக்டர் எதற்கு என்று கேட்பீர்கள். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். அடிக்கடி தலைவலி, முதுகுவலிக்கு மாத்திரை. பி.பி. பார்த்ததாக எங்கும் எழுதவில்லை. ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறிக் கிடந்தால் விந்தில் ரத்தம் வருவதுண்டு. தலைவலி வந்தால் வலி மாத்திரை, முதுகு வலித்தால் இன்னொன்று என்று பெட்டிக்கடையில் வாங்கிப் போடும் டிரைவர்கள் இந்த மலையில் நிறைய. டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை நாள்கணக்கில் போட்டால் அவையே பி.பி.யை ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும். ஆஸ்பிரின் கலந்த மாத்திரையானால் ரத்தம் உறைவது தாமதமாகும். எங்காவது ஒரு சின்ன ரத்தக் குழாய் கசிந்தாலும் சீக்கிரம் நிற்காது. 34 வயதில் பி.பி. எல்லாம் வருமா என்று நினைக்க வேண்டாம். வரும். உங்களுக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கையில் பட்டையைச் சுற்றி இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிடக்கூடிய ஒன்றைப் பார்க்காமல் விடக் கூடாது, அவ்வளவுதான்.

இனி, விந்து தீர்ந்துபோய் ரத்தம் வருகிறது என்ற பேச்சு. ஒரு சொட்டு விந்து நூறு சொட்டு ரத்தத்துக்குச் சமம் என்று நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லிப் பையன்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அதை நம்பி வளர்ந்த ஒருவர் ஒருநாள் விந்து சிவப்பாக வருவதைப் பார்த்தால், சரக்கு தீர்ந்து அடியில் இருக்கும் ரத்தமே வெளியே வருகிறது என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் உடம்பில் நடப்பது வேறு. ஒரு முறை வெளியாகும் விந்து சாதாரணமாக 2 முதல் 5 மில்லி. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு விந்துப் பைகளில் சுரக்கும் நீர். மீதியில் பெரும்பகுதி சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது. விதையில் உண்டாகும் உயிரணுக்களின் பங்கு மிகவும் கொஞ்சம். எச்சில் சுரப்பதைப் போல இந்த நீரும் சுரந்துகொண்டே இருக்கும், தீர்ந்துபோகும் இருப்பு என்று எதுவும் கிடையாது. சின்ன வயதுக் கைப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சியை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ரத்தம் எங்கிருந்து வருகிறது என்றால், இந்தப் பாதையில் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். விந்துப் பை, புராஸ்டேட், விந்துக் குழாய், சிறுநீர்க் குழாய் எல்லாவற்றின் உட்பக்கமும் மெல்லிய தோலும் நுண்ணிய ரத்தக் குழாய்களும்தான். ஓரிடத்தில் லேசாகக் கசிந்தால்கூட ஒன்றிரண்டு சொட்டு போதும், மொத்த விந்தும் நிறம் மாறிவிடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், போன ரத்தமோ மிகவும் கொஞ்சம். முதல் முறை சிவப்பு, பிறகு துரு நிறம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்து எனக்குக் கொஞ்சம் நிம்மதி. புதிதாகக் கசியும் ரத்தம் சிவப்பாக இருக்கும். விந்துப் பையில் தங்கிப்போன பழைய ரத்தம் பழுப்பாகவும் கருஞ்சிவப்பாகவும் மாறும். கசிவு நின்ற பிறகும் மிச்சம் மீதி வெளியேறி முடியச் சில வாரம் ஆகலாம். திரும்பவும் பளிச்சென்று சிவப்பாக வந்தால் கசிவு தொடர்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தத் தேதியில் என்ன நிறம் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

உங்கள் வயதில் காரணம் என்று ஒன்று கிடைத்தால் அது அதிகமும் கிருமித் தொற்றாகவோ அழற்சியாகவோ இருக்கும். புராஸ்டேட்டிலோ விந்துப் பையிலோ சிறுநீர்க் குழாயிலோ இருக்கலாம். எரிச்சல், அடிவயிற்றில் கனம், விந்து வெளியாகும்போது வலி இருந்தால் சந்தேகம் கூடும். இல்லாமலும் தொற்று இருக்கலாம். இந்த இடத்தில் டாக்டர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார்: மனைவி தவிர வேறு யாரோடாவது தொடர்பு உண்டா? கோபப்படாமல், மறைக்காமல் பதில் சொல்லுங்கள். ஒழுக்கத்தை அளக்கக் கேட்பதில்லை. கனோரியா, கிளமீடியா போன்ற பால்வினைத் தொற்றுகளைத் தேட வேண்டுமா என்று முடிவு செய்யத்தான் கேட்கிறார். சொன்னதை உங்கள் வீட்டில் போய்ச் சொல்ல மாட்டார். அப்படி ஒரு தொற்று இருந்தால் உங்கள் மனைவியும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மாறி மாறி ஒட்டிக்கொண்டே இருக்கும்.

காசநோயையும் சொல்லியாக வேண்டும். டி.பி. என்றால் இருமலும் சளியும் மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் நாட்டில் அது சிறுநீரகம், விதைக்கு மேலே இருக்கும் குழாய், புராஸ்டேட் வரை போய் உட்காருவதுண்டு. சாயங்காலம் லேசான காய்ச்சல், எடை குறைவது, விதைக்கு மேலே வலியில்லாத கெட்டியான முடிச்சு, சாதாரண மாத்திரைக்கு அடங்காத யூரின் தொந்தரவு இவற்றில் எது இருந்தாலும் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் இலவசம், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய மருந்தும் இலவசம்.

உடம்புச் சூடு என்று சொன்ன நண்பரின் பேச்சில் ஒரு பாதி கவனிக்க வேண்டியது. சூட்டினால் விந்தில் ரத்தம் வராது. ஆனால் நம் மலையில் வண்டி ஓட்டுபவர்கள் தண்ணீர் குடிப்பதே இல்லை. குளிருக்குத் தாகம் தெரிவதில்லை, குடித்தால் வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்த வேண்டும். காலையில் இரண்டு டீ, மத்தியானம் இரண்டு டீ, லோடு இறக்கும் வரை யூரினை அடக்கிக்கொண்டே ஓட்டம். சாயங்காலம் அடர்மஞ்சளாக எரிந்துகொண்டு போவதைத்தான் சூடு என்கிறோம். தண்ணீர் குறைவதும் அடக்கி வைப்பதும் கல்லுக்கும் யூரின் தொற்றுக்கும் வழி செய்யும். இளநீர் கிடைத்தால் குடியுங்கள், நல்லதுதான். ஆனால் இளநீர் குடித்தாயிற்று என்று டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

போவதற்கு முன்னால் வீட்டிலேயே இரண்டு விஷயம் பார்த்துவிடலாம். ஒன்று, காலை யூரினைச் சுத்தமான கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். விந்தில் மட்டும் ரத்தம் வருவதற்கும் யூரினிலும் வருவதற்கும் வித்தியாசம் பெரிது. யூரினில் ரத்தம் இருந்தால் எந்த வயதானாலும் சிறுநீர்ப்பை, சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். முந்தின நாள் பீட்ரூட் சாப்பிட்டிருந்தால் யூரின் சிவக்கும், அதையும் நினைவில் வையுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்து வாசகர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்குள்ள பழங்குடி மக்களிடையே சிக்கிள் செல், அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரைப் பாதிப்பு, இருப்பது தெரிந்ததுதான். நோயாக இல்லாமல் பாதி அளவில் அதைச் சுமப்பவர்களுக்கும் சில சமயம் யூரினில் ரத்தம் வரும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஆணுறை. ஒரு முறை ஆணுறை போட்டுக்கொண்டு உறவு கொண்டு, பிறகு அதற்குள்ளே இருப்பதைப் பாருங்கள். உள்ளே சிவப்போ பழுப்போ இருந்தால் உங்களுடையது. உள்ளே சுத்தமாக இருந்து வெளிப்பக்கம் ரத்தம் பட்டிருந்தால் அது உங்கள் மனைவியிடமிருந்து வருகிறது. அப்போது பார்க்க வேண்டியது மகப்பேறு டாக்டரை. உறவுக்குப் பின் பெண்ணுக்கு ரத்தம் வந்தால் கருப்பை வாயைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

வெட்கத்துக்கு வருவோம். சின்ன ஊரில் ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் சொந்தக்காரராக இருப்பார், நர்ஸ் மனைவியின் கூடப் படித்தவராக இருப்பார். இது வெறும் கற்பனைப் பயமில்லை, எனக்கும் தெரியும். சீட்டு போடும் இடத்தில் விவரம் சொல்லத் தேவையில்லை. யூரின் பிரச்சினை என்று சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். நாக்கு எழவில்லையா, ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்: மூன்று வாரமாக விந்தில் ரத்தம், இத்தனை முறை, வலி இல்லை, இன்னின்ன மாத்திரை போடுகிறேன். நான்கு வரி போதும். கோத்தகிரியில் போக மனம் வரவில்லை என்றால் குன்னூர் லாலி மருத்துவமனை இருக்கிறது, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். முதலில் குரல் மட்டும் கேட்டால் போதும் என்றால் 104க்குப் போன் செய்து ஆலோசனை கேளுங்கள். அந்த லாட்ஜ் அறைக்கு மலை இறங்கிப் போன நேரமே இதற்குத் தாராளம்.

டாக்டர் என்ன செய்வார் என்பதையும் சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். பி.பி. பார்ப்பார். வயிற்றையும் விதைகளையும் தொட்டுப் பார்ப்பார். யூரின் டெஸ்ட், தேவைப்பட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், ரத்தத்தில் அணுக்களின் எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரம் எழுதிக் கொடுப்பார். மது அதிகம் குடிப்பவராக இருந்தால் கல்லீரலையும் பார்ப்பார், கல்லீரல் கெட்டால் ரத்தம் உறைவதும் கெடும். பலர் ஓடிப்போவது ஆசனவாய் வழியாக விரல் விட்டு புராஸ்டேட்டைப் பார்க்கும் பரிசோதனைக்குப் பயந்துதான். இடது பக்கமாகச் சாய்ந்து முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். கையுறை போட்டு, ஜெல் தடவி, ஒரு விரல். ஒரு நிமிஷம்கூட ஆகாது. சங்கடமாக இருக்கும், வலி பெரிதாக இருக்காது. தொட்டால் கடுமையாக வலித்தால் அதுவே ஒரு தகவல், அங்கே அழற்சி இருக்கிறது என்று அர்த்தம். கட்டைவிரலின் அடிச்சதை அளவுக்கு மெத்தென்று இருந்தால் சரி. எங்காவது கல் மாதிரி கெட்டியாகத் தட்டுப்பட்டால் மேலே பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் உங்கள் வயதில் அனேகமாக அதோடு முடிந்தது. மருந்துகூடத் தேவைப்படாமல் போகலாம். தொற்று தெரிந்தால் ஆன்டிபயாடிக் தருவார்கள், புராஸ்டேட் தொற்றானால் சில வாரம் சாப்பிட வேண்டியிருக்கும். நான்கு நாளில் நின்றுவிட்டது என்று நடுவில் விடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நீங்களாகவும் வாங்காதீர்கள், பிறகு கல்ச்சரில் கிருமி சிக்காது.

ஒரு மாதம் தாண்டியும் நிற்கவில்லை, நின்று நின்று திரும்ப வருகிறது, யூரினிலும் ரத்தம் இருக்கிறது என்றால் உள்ளூரில் நிறுத்தாமல், சிறுநீர்ப் பாதைக்கென்றே இருக்கும் யூராலஜி டாக்டரிடம் போக வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஆசனவாய் வழி ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்து விந்துப் பையில் கல், நீர்க்கட்டி, குழாய் அடைப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு நான் சொல்வது வேறு. ஒரே ஒரு முறை வந்தாலும் போய்விடுங்கள், புராஸ்டேட்டில் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் தேவை. கிருமித் தொற்று இருக்கும்போது பி.எஸ்.ஏ. தானாகவே ஏறும், விந்து வெளியான ஓரிரு நாளிலும் கொஞ்சம் ஏறும். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கலங்கிவிடக் கூடாது. புராஸ்டேட்டில் ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்ஸி செய்துகொண்டவர்களுக்குச் சில வாரம் விந்தில் ரத்தம் வருவது எதிர்பார்த்ததுதான். ஆண் குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டவர்களுக்கும் முதல் சில முறை வரலாம். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக அதை நிறுத்தவே கூடாது, டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் முடிவு செய்வார்.

காத்திருக்கவே கூடாத நேரங்களும் உண்டு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், ரத்தக் கட்டி அடைத்து யூரின் போகாமல் வயிறு உப்புவது, விதையில் திடீரென்று தாங்க முடியாத வலி. கடைசியாகச் சொன்னது விதை முறுக்கிக்கொண்டதாக இருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. பனிமூட்டத்தில் மலை இறங்கவே நேரம் போய்விடும். விடியட்டும் என்று படுத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

அப்பாவின் ஆபரேஷனைப் பற்றிக் கேட்டீர்கள். வயதான ஆண்களுக்கு புராஸ்டேட் வீங்கி யூரின் அடைப்பது சர்வ சாதாரணம். அதற்குச் செய்யும் ஆபரேஷன் புற்றுநோய்க்குச் செய்வதாகிவிடாது. பீரோவில் பழைய ஸ்கேன் படங்களோடு ஒரு பிளாஸ்டிக் பையில் அந்தக் காகிதங்கள் இருக்கும், தேடுங்கள். எடுத்த சதையைப் பரிசோதித்த பயாப்ஸி ரிப்போர்ட் அதில் இருக்க வேண்டும். சாதாரண வீக்கம் என்றிருந்தால் உங்களுக்குக் கவலை இல்லை. புற்றுநோய் என்றிருந்தால் இப்போதைய ரத்தத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள், ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள், பி.எஸ்.ஏ. எந்த வயதில் தொடங்குவது என்று அவர் திட்டமிடுவார்.

குழந்தை முயற்சியை ரிசல்ட் வரும்வரை மட்டும் தள்ளி வையுங்கள், அதுவரை ஆணுறை போடுங்கள். தொற்று இல்லை என்று தெரிந்ததும் தொடரலாம். விந்தில் ரத்தம் கலந்திருப்பதால் மட்டும் மனைவிக்கோ கருவுக்கோ கெடுதல் இல்லை, ஆண்மையும் குறையாது. இதை மனைவியிடம் நீங்களே சொல்லுங்கள், முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பார்த்துப் பயந்தவர் அவர், காரணம் அவருக்கும் தெரிய வேண்டும்.

லேகியத்தை ஏன் தொடாதீர்கள் என்றேன்? உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த டப்பாவில் எழுதியிருக்காது. அப்படி விற்கப்படும் சில மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருந்தது பரிசோதனையில் தெரியவந்திருக்கிறது. ஆண்மை மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. அரசு ஆஸ்பத்திரியிலேயே படித்த சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், விரும்பினால் அவர்களைக் கேளுங்கள். முகவரியில்லாமல் மாதம் ஒரு நாள் வந்து போகிறவரிடம், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்த நாள் யாரைப் போய்க் கேட்பீர்கள்?

பி.பி. எண்ணும் யூரின் ரிசல்ட்டும் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அப்பாவின் ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும், போடுகிற வலி மாத்திரையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.